"இந்தப் பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் இருக்குத்தானே?"

இது கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும், சக ஆசிரியர்களும், பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்களும் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தலைப்பில் உள்ள வசனத்தை எங்கள் பகுதியில் பலர் கேட்டிருப்பீர்கள். தரம் 1 அனுமதிக் காலத்தில் ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். பிள்ளைக்குக் காது சரியாகக் கேளாது. அல்லது பேச்சு வரப் பிந்தியிருக்கும். அல்லது ஓட்டிசம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தத் தாயை ஏசமாட்டார்கள். கதிரை கொடுத்து இருத்தி, அன்பாகத்தான் பேசுவார்கள். "இஞ்ச ஒரு வகுப்பில நாப்பது பிள்ளையள் அம்மா. உங்கட பிள்ளையைத் தனியப் பாக்க ஏலாது. இந்தப் பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் இருக்குத்தானே?"

தாய் திரும்பிப் போவார். அந்த வேறு பள்ளிக்கூடம் பல மைல் தள்ளி இருக்கும். பஸ் மாறிப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் தினமும் யார் கூட்டிக்கொண்டு போவது? சில மாதம் போய்விட்டுப் பிள்ளை நின்றுவிடும். பிறகு வீட்டு விறாந்தையில் இருந்து, மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு வளரும்.

இந்த வசனத்தைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்களும் அதே தொழிலில் இருப்பவர்கள். நாற்பது பிள்ளைகளோடு நாற்பது நிமிடப் பாடத்தைக் கொண்டு போவது என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்த வசனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி எங்கள் ஊர் மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதை அறிந்தால், ஆசிரியர்களின் மனப்பாங்கு ஏன் இப்படி இருக்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்ற இரண்டும் விளங்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் பள்ளிக்கூடங்களுக்கு முந்திய காலத்தைப் பார்ப்போம். அப்போது படிப்பு என்பது பெரும்பாலும் காதால் கேட்டு மனதில் பதிப்பது. திண்ணையில் ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்வார்கள். ஓதல் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அப்படிப்பட்ட படிப்பில் கண் தெரியாத ஒருவர் பின்தங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வை இல்லாதவர். தொண்டை நாட்டில் பிறந்த அவர் யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசு பெற்றார் என்று புலவர் வரலாறுகள் சொல்கின்றன. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் இயலாது என்பது சிறு வயதிலேயே எல்லோரும் கேட்ட கதை. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் மூன்று வயதில் அம்மை நோயால் பார்வையை இழந்தவர். பின்னாளில் அவர் பெரும் புலவராக மதிக்கப்பட்டார்.

வெளிநாட்டிலும் இப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். பிரெயில் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் பார்வை போன பிறகும் அவரை முதலில் சேர்த்துக்கொண்டது சொந்த ஊரின் சாதாரணப் பள்ளிக்கூடம்தான். பாரிசில் இருந்த விசேட பாடசாலைக்குப் போனது அதற்குப் பிறகு. எகிப்தில் 1889இல் பிறந்த தாஹா ஹுசைனும் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். கிராமத்து ஓதல் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்து குர்ஆனை மனனம் செய்து, அல்அஸ்ஹர் போய், 1914இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சராகி, கல்வி தண்ணீரையும் காற்றையும் போல எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கைக்காக நின்றார்.

இதைச் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று ஆகிவிடாது. காது கேளாத பிள்ளைக்குத் திண்ணைப் படிப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. விளங்கிக்கொள்ளத் தாமதமாகும் பிள்ளை மாடு மேய்க்கப் போனது. பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கும், சாதியால் ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையே கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையால் முடியுமா முடியாதா என்பது பிள்ளையின் உடம்பில் மட்டும் தங்கியிருக்கும் விடயம் அல்ல. படிப்பு எந்த முறையில் நடக்கிறது என்பதிலும் அது தங்கியிருக்கிறது. கேட்டுப் படிக்கும் காலத்தில் கண் தெரியாதவர் புலவர் ஆனார். கரும்பலகையைப் பார்த்து எழுதும் காலம் வந்ததும் அதே மாதிரிப் பிள்ளை "ஏலாத பிள்ளை" ஆகிவிட்டது.

கரும்பலகைக் காலம் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இடங்களில் தெல்லிப்பழை முக்கியமானது. 1816இல் அமெரிக்க மிசனரி டானியல் பூர் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். யூனியன் கல்லூரி தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை அம்பனையில் மகாஜனாவைத் தொடங்கினார். இந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் இந்தப் பகுதிக்குச் செய்ததை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதிய பள்ளிக்கூடத்தோடு வாங்கு, மேசை, இடாப்பு, வகுப்பேற்றம், பரீட்சை எல்லாம் வந்தன. அவற்றோடு இன்னொன்றும் வந்தது. 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து உதவி பெறும் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்த முறை, பெறுபேற்றுக்குத் தக்க கொடுப்பனவு. அதாவது பரிசோதகர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம். இங்கிலாந்தில் இருந்த முறையை இங்கே கொண்டுவந்து போட்டார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அதுவரை மெதுவாகப் படிக்கும் பிள்ளை ஆசிரியருக்கு ஒரு பொறுப்பு. அந்த நாளில் இருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒரு நட்டம். தேறக்கூடிய பிள்ளைக்கு நேரம் செலவழித்தால் காசு வரும், தேறாத பிள்ளைக்குச் செலவழித்தால் வராது. ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரை அளக்கும் கோல் அதுவாக இருந்தால் மனம் எந்தப் பக்கம் போகும்? அந்தக் கொடுப்பனவு முறை பிறகு ஒழிந்துவிட்டது. அது பழக்கிய மனம் ஒழியவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

வாங்கில் யார் இருக்கலாம் என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதும் அல்ல. 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்டது. இன்று அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். 1920களின் இறுதியில், உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்ற சம ஆசன விதி வந்தது. அதற்கு முன் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். விதிக்கு எதிராக மனுக்கள் போயின. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றவர்கள் சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள். அன்றும் எதிர்த்தவர்கள் சொன்ன நியாயங்களில் ஒன்று, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது.

எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அசீஸ் அவர்கள் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். பின்னர் கொழும்பு சாஹிராவின் அதிபரானார். "உங்களுக்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது" என்று அந்தச் சிறுவனுக்கு அன்று கதவைச் சாத்தியிருந்தால் இழப்பு அசீஸ் அவர்களுக்கு மட்டுமாக இருந்திருக்காது.

இனி விசேட பாடசாலைகளின் கதை. 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி தெஹிவளையில் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைத்தது. அதன் வடக்குக் கிளையாக 1956இல் தொடங்கியதுதான் கைதடி நவீல்ட் பாடசாலை. 1912க்கு முன் இந்த நாட்டில் காது கேளாத ஒரு பிள்ளைக்கு முறையாகப் பாடம் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் இல்லை. சைகை மொழியும் பிரெயிலும் கைத்தொழிலும் இந்தப் பிள்ளைகளால் படிக்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டியவர்கள் இந்தப் பாடசாலைகளின் ஆசிரியர்களே. கைதடியில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஆசிரியர்களுக்கு வடக்கு முழுவதும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த நல்ல காரியத்துக்கு, யாரும் நினையாத ஒரு பக்க விளைவும் இருந்தது. விசேட பாடசாலை ஒன்று இருக்கிறது என்ற செய்தி சாதாரணப் பாடசாலை ஆசிரியருக்கு இரண்டு விதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்று, இந்தப் பிள்ளைகளாலும் படிக்க முடியும். மற்றது, இவர்களைப் படிப்பிப்பது எங்கள் வேலை அல்ல. முதலாவது மெல்ல மறந்துபோனது. இரண்டாவது நிலைத்துவிட்டது. தலைப்பில் உள்ள வசனம் பிறந்தது அங்கேதான்.

1960களின் இறுதியில் கல்வி அமைச்சு ஒரு படி முன்னே போனது. விழிப்புலனற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகளில் சேர்த்து, பிரெயில் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்கும் திட்டம் தொடங்கியது. எங்கள் பகுதியில் இதற்குப் பெரிய துணையாக வந்தது சுன்னாகம் வாழ்வகம். 1988இல் செல்வி அன்னலட்சுமி சின்னத்தம்பி அவர்கள் தொடங்கிய இல்லம் அது. அங்கே வளரும் விழிப்புலனற்ற பிள்ளைகள் இல்லத்தில் தங்கிக்கொண்டு, பகலில் அருகில் உள்ள சாதாரணப் பாடசாலைகளுக்குப் போய்ப் படிக்கிறார்கள். பிரெயிலும் தனிப்பட்ட உதவியும் இல்லத்தில். பாடமும் விளையாட்டும் சண்டையும் சிநேகமும் பொது வகுப்பில். உட்படுத்தல் கல்வி என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் படம் போட்டு விளக்குவதை வலிகாமம் இத்தனை வருடமாகக் கண் முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

பிற்காலத்தில் பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் வந்தன. அலகு என்றால் ஓர் அறை, ஓர் ஆசிரியர், வெவ்வேறு வயதும் வெவ்வேறு தேவையும் உள்ள பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, அது பெரிய காரியம். ஆனால் காலைப் பிரார்த்தனைக்கும், விளையாட்டுப் போட்டிக்கும், சித்திரப் பாடத்துக்கும்கூட மற்றப் பிள்ளைகளோடு சேராமல் அந்த அறைக்குள்ளேயே ஆறு வருடம் இருந்தால், வேறு பள்ளிக்கூடம் மதிலுக்கு உள்ளே வந்துவிட்டது என்பதுதான் அர்த்தம். அந்தப் பிள்ளையின் பெயர் அலகு ஆசிரியரைத் தவிர வேறு ஆசிரியர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இதற்கிடையில் 1990 வந்தது. அந்த வருட நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். யூனியனும் மகாஜனாவும் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக வேறு இடங்களில் இயங்கின. அதே வருடம் ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்களும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. புத்தளத்தில் எங்கள் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடங்களின் கட்டடங்களில், அவர்கள் பாடம் முடிந்து போன பிறகு, மத்தியானத்துக்குப் பின் இருந்து படித்தார்கள். அந்த இரண்டு இடப்பெயர்வையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறுப்பது இந்தப் பதிவின் நோக்கம் அல்ல. ஒன்றைச் சொல்லவே இதை எடுத்தோம். மற்றவர்களின் வாங்கில் விருந்தாளியாக இருந்து படிப்பது எப்படியிருக்கும் என்று தெல்லிப்பழை ஆட்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்தக் காலத்து ஆசிரியர்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். கட்டடம் இல்லை, மரத்தடியில் படிப்பித்தார்கள். புத்தகம் இல்லை, கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வகுப்பில் தகப்பனை இழந்த பிள்ளை, செல் பட்டுக் கையை இழந்த பிள்ளை, மிதிவெடியில் கால் போன பிள்ளை, சத்தம் கேட்டால் நடுங்கும் பிள்ளை, இரண்டு வருடம் பள்ளிக்கூடமே போகாத பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தி அனுப்ப, அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் "இந்தப் பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் இருக்குத்தானே" என்று சொல்ல இடமே இருக்கவில்லை. வேறு பள்ளிக்கூடம் இல்லை. வந்த பிள்ளையை வந்த நிலையில் படிப்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் இருந்துதான் இன்றைய வைத்தியர்களும் ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும் வந்தார்கள்.

ஆகவே எங்கள் ஆசிரியர்களுக்கு ஏலாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லா வசதியும் இல்லாத நேரத்தில் ஏலுமாக இருந்தது.

சட்டத்திலும் குறை இல்லை. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலைகளில் சேர்ப்பதே நெறி என்று அறிவித்தார்கள். 1996இல் இலங்கையின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றாற்றலைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடை செய்தது. 1998 ஜனவரியிலிருந்து 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016இல் அது 16 வயது வரை உயர்ந்தது. அதே 2016இல் மாற்றாற்றலுடையோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. "ஏலாது அம்மா" என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் இந்தச் சட்டங்களின்படி அனுமதி மறுப்புத்தான். இதைத் தாய்மாருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறோம்.

அப்படியிருந்தும் ஏன் தயக்கம்? இதை உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். 1996இல் ஸ்க்ரக்ஸ், மஸ்ட்ரோபியேரி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 1958 முதல் 1995 வரை நடந்த 28 கணிப்புகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். அவற்றில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், இந்தப் பிள்ளைகள் பொது வகுப்பில் இருக்க வேண்டும் என்ற கொள்கை சரி என்றார்கள். ஆனால் அதற்கு வேண்டிய நேரமும் பயிற்சியும் வளமும் தங்களிடம் இருக்கிறது என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கிட்டத்தட்ட நாற்பது வருடத்தில் இந்தப் பதில்கள் பெரிதாக மாறவும் இல்லை. சட்டம் மாறியது, கொள்கை மாறியது, ஆசிரியரின் கையில் இருந்தது மாறவில்லை. அதனால் மனமும் மாறவில்லை.

இன்னொரு விடயமும் இப்படியான ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையோ பார்வை குறைந்த பிள்ளையையோ ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். விளங்கிக்கொள்ளத் தாமதமாகும் பிள்ளை, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை என்றால்தான் பயம். எங்கள் பகுதியிலும் அப்படித்தான். வாழ்வகத்துப் பிள்ளையைப் பெருமையோடு பேசும் அதே வாய், டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் தயங்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 2004இல் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை வந்தது. அதைத் தொடங்கிய கலாநிதி ஆறு. திருமுருகன் அவர்கள் எங்கள் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவர். கதவு சாத்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறந்த பணி அது. சில பிள்ளைகளுக்கு அப்படியான முழுநேரக் கவனிப்பு வேண்டும் என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. சிவபூமியும் கைதடியும் வேண்டும், இன்னும் வளர வேண்டும். ஆனால் அவை இருக்கின்றன என்பது, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கக்கூடிய பிள்ளையை வெளியே அனுப்பக் காரணம் ஆகக்கூடாது.

உண்மையில் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். 1978இல் இங்கிலாந்தில் வெளிவந்த வோர்னொக் அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளிக் காலத்தில் எப்போதாவது விசேட தேவை ஏற்படும் என்றது. அந்தக் கணக்கில் நாற்பது பேர் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். கடைசி வாங்கில் இருந்து கரும்பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவையாக இருக்கலாம். "சொல்வழி கேளாத" பிள்ளைக்குக் காதுதான் கேளாமல் இருக்கலாம். தரம் 6 வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை மொக்கு அல்ல, அதற்கும் ஒரு காரணம் இருக்கும். புதிதாக வரும் ஒரு பிள்ளைக்காக ஆசிரியர் கற்றுக்கொள்ளும் முறை, பேரேட்டில் இல்லாத அந்த ஏழெட்டுப் பேருக்கும் உதவும்.

இப்போது நாங்கள் முன்னே சொன்ன அளவுகோலுக்கு வருவோம். 1870இல் பரிசோதகர் வந்து தேறிய பிள்ளைகளை எண்ணினார். இன்று புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்று முகநூலில் படம் போடுகிறோம். அதிபரைக் கூட்டத்தில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்கிறோம். தரம் 1 ஆசிரியரிடம் இருந்து தரம் 5 ஆசிரியர் வரை எல்லோருக்கும் அந்தப் பதாகை கண் முன்னே தொங்குகிறது. பிறகு, விசேட தேவையுள்ள பிள்ளையை ஆசிரியர் மனமுவந்து ஏற்கவில்லை என்று குறை சொல்கிறோம். பேச வந்த பிள்ளைக்கோ, முதல்முறை தன் பெயரை எழுதிய பிள்ளைக்கோ யாராவது பதாகை கட்டியிருக்கிறோமா? ஆசிரியரின் மனப்பாங்கு அவருடைய நெஞ்சில் மட்டும் இருப்பதில்லை. ஊர் அவரை எதைக் கொண்டு அளக்கிறதோ அதிலும் இருக்கிறது.

எங்கள் மார்க்கத்தில் எல்லோரும் அறிந்த ஒரு சம்பவம் இதற்குப் பொருந்தும். நபி (ஸல்) அவர்கள் மக்காவின் பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டு வந்தார்கள். அந்தப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால் ஊரே மாறும் என்ற எதிர்பார்ப்பு இருந்த நேரம் அது. அப்போது இறங்கிய அபஸ அத்தியாயம், கற்க வேண்டும் என்று தேடி வந்தவருக்கே முதலிடம் என்று உணர்த்தியது. பிறகு அந்தப் பார்வையற்ற தோழர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் ஊர்ப் பொறுப்பை ஏற்றவராகவும் இருந்தார்கள். மற்ற மதத்து உறவுகளும் தங்கள் நூல்களில் இப்படியொன்றைக் காட்டுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

வரலாறு எங்களுக்குக் காட்டும் ஒழுங்கு இதுதான். பெண் பிள்ளைகள் விடயத்திலும் சம ஆசன விடயத்திலும் முதலில் எல்லோர் மனமும் மாறி, அதற்குப் பிறகு வாங்கு கிடைக்கவில்லை. முதலில் வாங்கு கிடைத்தது. பக்கத்தில் இருந்து படித்த பிறகு மனம் மாறியது. அதனால் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

சக ஆசிரியர்களே, முழுப் பயிற்சியும் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். காது மந்தமான பிள்ளையை முன் வாங்கில் இருத்தி, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினாலே பாதி வேலை முடிந்தது. கண் மங்கலான பிள்ளைக்குப் பெரிய எழுத்து. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய பாட ஒழுங்கைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டி விடுதல். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பத்துக் கணக்குக்குப் பதிலாக மூன்று, பக்கத்தில் ஒரு கெட்டிக்காரச் சிநேகிதர். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ளவர்களுக்கு மேலதிக நேரம், எழுத்து உதவியாளர், பிரெயில் வினாத்தாள் போன்ற சலுகைகளைக் கொடுக்கிறது. விண்ணப்பிக்கத் தெரியாமல் பிள்ளை அதை இழந்துவிடக் கூடாது.

அதிபர்களே, அலகில் இருக்கும் பிள்ளைகளைக் காலைப் பிரார்த்தனை, சங்கீதம், சித்திரம், விளையாட்டு ஆகியவற்றிலாவது பொது வகுப்போடு சேர்த்துவிடுங்கள். அலகு ஆசிரியரைத் தனித்து விடாதீர்கள். மற்ற ஆசிரியர்களுக்கு வழி சொல்லக்கூடியவர் அவர்தான்.

பழைய மாணவர் சங்கங்களே, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளே, உங்கள் உதவியால் எத்தனையோ கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அடுத்த முறை நுழைவாயில் வளைவுக்கு முன் ஒரு சாய்தளப் பாதையையும், சக்கர நாற்காலி போகக்கூடிய ஒரு மலசலகூடத்தையும் நினையுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் வகுப்பின் தொகையைக் குறைக்கவும் உதவி ஆசிரியர் கேட்கவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டும். வளம் இல்லாமல் ஆசிரியரிடம் மனம் மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

மற்றப் பெற்றோரே, "அந்தப் பிள்ளையால எங்கட பிள்ளையின்ர படிப்புக் குழம்பும்" என்று அதிபரிடம் போகாதீர்கள். ஆசிரியர்கள் தயங்குவதற்கு உங்கள் பயமும் ஒரு காரணம். உங்கள் பிள்ளை பக்கத்து வாங்கில் இருந்து பொறுமையையும் உதவியையும் கற்றுக்கொண்டு வரும். அதற்கு எந்த ரியூசனும் இல்லை.

திருப்பி அனுப்பப்பட்ட தாய்மாரே, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது பிச்சை அல்ல, உங்கள் பிள்ளையின் உரிமை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊரில் உள்ள ஒரு ஆசிரியரையோ கிராம அலுவலரையோ கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வாழ்வகத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள், இடப்பெயர்வுக் காலத்தில் மரத்தடியில் அப்படியான பிள்ளைகளைப் படிப்பித்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இந்தப் பதிவைக் கண்டால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எப்படிச் சமாளித்தீர்கள், எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுங்கள். யாருடைய பெயரும் தேவையில்லை. அடுத்த தரம் 1 அனுமதி வருவதற்குள் அவற்றை ஒன்றாகச் சேர்த்து எங்கள் கோட்டத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் கொடுக்க நினைத்திருக்கிறோம். வெளியில் இருந்து வரும் பயிற்சிக் கையேட்டை விட, எங்கள் ஊர் ஆசிரியர் சொன்னது என்றால் எங்கள் ஊர் ஆசிரியர் கேட்பார்.

வல்ல இறைவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியைப் பெருக்கி வைப்பானாக.